தொண்டுக்குப் போனவர் வீடு திரும்பிய பிறகு

ஏழை நாட்டுக்குத் தொண்டு செய்யப் போய் வந்ததாகச் சொல்லிக்கொள்வது ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே உரிய பேச்சாக இருந்தது. அந்தப் பேச்சில் வரும் ஏழை நாடு பெரும்பாலும் நம் நாடுதான். கப்பலில் வந்து இறங்கிய அமெரிக்கக் கோதுமையையும் பால் பவுடரையும் பள்ளிக்கூட மதிய உணவில் ருசி பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கொடுக்கிற கை எப்படி இருக்கும் என்பதை விட, வாங்குகிற கை எப்படிக் கூசும் என்பதே நம்மில் பலருக்குப் பழக்கமான விஷயம்.

இன்று நிலைமை மாறிவிட்டது. நம் பிள்ளைகளே பணம் கட்டி நேபாளத்துக்கும் கம்போடியாவுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் தொண்டுப் பயணம் போகிறார்கள். இரண்டு வாரம் இருந்து, குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, சுவருக்கு வண்ணம் அடித்து, கழுத்தில் மாலையும் கையில் புகைப்படமுமாக விமான நிலையத்தில் வந்து இறங்குகிறார்கள். அத்தனை தூரம் போக முடியாதவர்களுக்கு உள்ளூரிலேயே வழி இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. 2014 ஏப்ரல் முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி, ஊழியர்களை வேனில் ஏற்றி ஏழைக் குடியிருப்புகளுக்கு அழைத்துப் போய் வருவதும் நாடெங்கும் வழக்கமாகிவிட்டது.

வரதய்யபாளையத்திலும் சத்தியவேட்டிலும் தடாவிலும் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2008இல் ஸ்ரீசிட்டி எழுந்ததிலிருந்து இந்த வட்டாரத்தில் பல நாட்டுக் கம்பெனிகள் வந்திருக்கின்றன. ஜப்பானியரும் ஐரோப்பியரும் வந்து போகிறார்கள். ஆலை மதிலுக்கு வெளியே சிறிது தூரம் நடந்தால் யானாதி மக்களின் குடிசைகள். ராக்கெட் தளம் அமைந்திருக்கிறதே ஸ்ரீஹரிகோட்டா தீவு, அதன் பழைய குடிகள் இவர்கள்தாம். ஏரியில் மீன் பிடித்தும், வயலில் எலி பிடித்தும், பிறர் தோட்டத்துக்குக் காவல் இருந்தும் பிழைத்தவர்கள். நம் பக்கத்து இருளர்களைப் போன்றவர்கள் என்றால் தமிழ் வாசகர்களுக்குச் சட்டென்று புரியும். ஏழை நாட்டுக்குப் போக விமானச் சீட்டு வாங்க வேண்டும் என்பதில்லை. ஷிப்டு பஸ் போகும் பாதையிலேயே அது இருக்கிறது.

தொண்டுக்குப் போவது நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்துவதில் பயன் இல்லை. போகட்டும், தாராளமாகப் போகட்டும். ஆனால் போனவர் வீடு திரும்பிய பிறகு என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. கணக்குப் பார்க்க வேண்டிய இடம் அதுதான். போன இடத்தில் செய்தது பெரும்பாலும் சொற்பமாகவே இருக்கும். புது ஊரில், பாஷை தெரியாமல், இரண்டு வாரத்தில் யாராலும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது. திரும்பி வந்த பிறகு இருக்கும் இருபது முப்பது வருஷமே செய்வதற்கு உரிய காலம்.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சித்தூர் மாவட்டத்து ஜனங்கள் பெரிய வியாதி என்றால் இன்றும் பஸ் ஏறிப் போவது வேலூர் ஆஸ்பத்திரிக்குத்தான். தமிழும் தெலுங்கும் மட்டுமல்ல, வங்காளியும் இந்தியும் அங்கே வராந்தாவில் கேட்கும். அந்த ஆஸ்பத்திரியின் கதை ஒரு பெண் வீடு திரும்பிய கதைதான்.

ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819இல் இலங்கைக்கு வந்து, பிற்பாடு சென்னைக்கு வந்த அமெரிக்கப் பாதிரியார். தந்தையும் டாக்டர், பாதிரியார். 1876-78 தாதுவருஷப் பஞ்சத்தை ஐடா குழந்தையாகக் கண்ணால் பார்த்தவர். பிறகு அமெரிக்காவில் படிக்கப் போனார். படித்து முடித்ததும் அங்கேயே இருந்துவிட வேண்டும் என்பதே அவர் விருப்பம். பாட்டனார், தந்தை, சித்தப்பாமார் என்று குடும்பமே இந்தியாவில் உழன்றது போதும் என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. 1890இல் தாயாருக்கு உடல்நலம் இல்லை என்று செய்தி வந்ததால் திண்டிவனத்துக்கு வந்தார். சரியாகச் சொன்னால் அவர் தொண்டுக்கு வந்தவரே அல்ல. தாயாரைக் கவனித்துவிட்டுத் திரும்பிப் போக வந்தவர்.

திண்டிவனத்தில் ஓர் இரவு மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் முதலியார். மூவருக்கும் ஒரே துயரம்: மனைவி பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடுகிறாள், வந்து காப்பாற்ற வேண்டும். "என் தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்று அந்தப் பெண் சொன்னார். வேற்று ஆண் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடக் கூடாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

இந்த மட்டும் கதையைப் பலர் கேட்டிருப்பார்கள். வேலூரில் அதைச் சொல்லாதவர் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் அந்தப் பெண்ணுக்கு முன்னால் என்னென்ன வழிகள் திறந்திருந்தன என்பதை யோசிக்க வேண்டும். அழுதுவிட்டுக் கப்பல் ஏறியிருக்கலாம். ஊர் திரும்பி மாதர் சங்கங்களில் அந்த மூன்று மரணங்களையும் உருக்கமாக வருணித்து, கேட்டவர்களையெல்லாம் கண்ணீர் விட வைத்திருக்கலாம். இந்தியரின் மூடத்தனத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கலாம். அக்காலத்தில் அப்படி எழுதியவர்களுக்குப் பஞ்சமில்லை. அல்லது, இன்றைய வழக்கப்படி, படிப்பில்லாவிட்டாலும் பரவாயில்லை, அன்பு இருந்தால் போதும் என்று அங்கேயே தங்கி நோயாளிகளின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

அவர் தமக்குத் தெரியாதது இன்னது என்று கண்டுகொண்டார். அந்த இரவில் தேவைப்பட்டது அன்பு அல்ல, வைத்தியம் தெரிந்த ஒரு பெண். ஊர் திரும்பி 1895இல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு கார்னெல் பல்கலைக் கழகத்துக்கு மாறி 1899இல் டாக்டர் பட்டம் பெற்றார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட முதல் வகுப்புகளில் ஒன்று அது. அதற்குப் பிறகும் வெறுங்கையோடு கிளம்பவில்லை. வேலூரில் பெண்கள் ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டினார். நியூயார்க்கில் ஷெல் என்ற பாங்க் அதிபர், காலமான தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூருக்கு வந்து சேர்ந்தார். சில மாதங்களுக்குள் தந்தையும் காலமானார். வழிகாட்ட ஆளில்லாமல், ஒற்றைக் கட்டில் போட்ட சிறிய இடத்தில் வைத்தியம் தொடங்கிற்று. ஷெல் ஆஸ்பத்திரி 1902இல் 40 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது. 1909இல் ஒரு சிறிய பியூஜோ மோட்டார் கார் வந்தது. அதில் ஏறிச் சாலையோரத்து மரத்தடிகளில் நிறுத்தி நிறுத்திக் கிராம ஜனங்களுக்கு மருந்து கொடுத்தார்.

இதற்கு மேல்தான் இன்னும் முக்கியமான சங்கதி. எத்தனை கை இருந்தாலும் தாம் ஒருத்தி போதாது என்று அவர் உணர்ந்தார். 1918இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்களால் இது ஆகாது என்று சொன்னவர்கள் அதிகாரத்தில் இருந்தார்கள். 1922இல் முதல் அணியாக 14 பெண்கள் படித்து வெளியே வந்தார்கள். 1942இல் அது மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். கல்லூரியின் பொறுப்பு விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்மணியின் கைக்கு வந்தது. 1960இல் கோடைக்கானலில் ஐடா காலமானபோது, அவர் இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரி நடக்கும் என்ற நிலை எப்போதோ வந்துவிட்டது. தொண்டு செய்ய வந்தவர் தம்மைத் தேவையற்றவராக ஆக்கிக்கொண்டு போவது லேசான காரியமல்ல. தாம் இல்லாவிட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று காட்டிக்கொள்வதில் பலருக்கு ஒரு சுகம் உண்டு.

சமய நோக்கம் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. மிஷன் பணத்தில், மிஷன் வேலையாகவே இது நடந்தது. அதைப் பற்றி அவரவருக்கு ஓர் அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் பிரசவத்துக்கு வந்த பெண் எந்த அபிப்பிராயத்தோடு வந்தாலும் பிழைத்துப் போனாள்.

வீடு திரும்புகிறவரின் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏழை நாட்டுக்குக் கொடுக்கத்தான் போகிறோம், அங்கிருந்து எடுத்து வர என்ன இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். டாக்டர் பால் பிராண்டின் வாழ்க்கை அதற்குப் பதில். அவரும் நம் மண்ணில் பிறந்தவர், 1914இல், கொல்லிமலையில். இங்கிலாந்தில் படித்து 1946இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல் மடங்கிப் போவதையும் கால் புண்ணாவதையும் கூர்ந்து பார்த்து, சதை அழுகுவதால் அல்ல, வலி தெரியாததால்தான் இந்தக் கேடு வருகிறது என்று விளக்கினார். மடங்கிய கையை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டினார். 1960களில் அமெரிக்கா சென்று லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். அங்கே சர்க்கரை வியாதிக்காரர்களின் காலில் உணர்ச்சி அற்றுப் புண் வருவதைக் கண்டபோது, வேலூரில் கற்ற பாடம் கைகொடுத்தது. இன்று உலகெங்கும் சர்க்கரை நோயாளிகளிடம் "காலைத் தினமும் பாருங்கள், செருப்பில்லாமல் நடக்காதீர்கள்" என்று டாக்டர்கள் சொல்வதற்குப் பின்னால், வேலூர்ப் பக்கத்துத் தொழுநோயாளிகள் கொடுத்த அறிவும் இருக்கிறது.

சென்னையிலும் அப்படி ஒன்று நடந்தது. காசநோய் என்றால் ஊருக்கு வெளியே ஆரோக்கிய விடுதியில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பதே அந்தக் காலத்து வைத்தியம். பழைய சித்தூர் மாவட்டத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்து ஆரோக்கியவரம் அதற்கென்றே பெயர் பெற்ற இடம். ஏழைத் தொழிலாளி அப்படிப் படுத்தால் குடும்பம் என்ன ஆவது? 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு நிலையம் தொடங்கின. சென்னையின் ஏழைக் குடித்தனங்களில், நெருக்கமான வீடுகளில், வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டவர்கள் விடுதியில் படுத்தவர்களுக்குச் சமமாகக் குணமடைந்தார்கள் என்று 1959இல் வெளியான முடிவு காட்டிற்று. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று தெரிந்தது. பல நாடுகளில் விடுதிகளை மூடுவதற்கு இந்த முடிவு வழி செய்தது. உதவி செய்ய வந்த வெள்ளைக்கார டாக்டர்கள், உதவியைப் பெட்டியில் வைத்து ஊருக்கு எடுத்துப் போனார்கள் என்றால் மிகையாகாது.

இந்த இடத்தில் ஆந்திரத்தைச் சேர்ந்த இன்னொரு கதையையும் நினைவுபடுத்திக்கொள்ளலாம். ஸ்பெயின் நாட்டு விசென்ட் பெரர் 1952இல் பம்பாய்க்கு வந்த ஏசு சபைத் துறவி. மன்மாட் பக்கம் விவசாயிகளைக் கிணறு வெட்ட வைத்தார். 1968இல் அவரை நாட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். சுமார் 30,000 விவசாயிகள் அவருக்காக ஊர்வலம் கிளம்பினார்கள். இந்திரா காந்தி தலையிட்டார். சிறிது காலம் ஸ்பெயினுக்குப் போய்விட்டுத் திரும்பலாம் என்று வழி ஏற்பட்டது. 1969இல் அவர் திரும்பி வந்து, மழை பொய்க்கும் அனந்தப்பூரில் தங்கினார். 2009இல் அங்கேயே காலமானார். அவர் வைத்த கிராம வளர்ச்சி அறக்கட்டளையின் பள்ளிகளையும் ஆஸ்பத்திரிகளையும் ராயலசீமைக்காரர்கள் நன்கு அறிவார்கள். தொண்டுக்குப் போனவருக்கு இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் கிடையாது: அவர் போனதும், திரும்பி வரவேண்டும் என்று கேட்க ஆள் இருந்தது. இரண்டு வாரம் போய் வருகிற எத்தனை பேரை, போன ஊர்க்காரர்கள் மறுபடி கூப்பிடுகிறார்கள்? பெயராவது நினைவிருக்குமா?

நல்லவர்களின் கதையை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினத்துக்குப் போனவர்கள் கண்ட காட்சியை எளிதில் மறக்க மாட்டார்கள். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். நாடெங்குமிருந்து லாரி லாரியாகப் பழந்துணி வந்தது. கிழிந்ததும் சாயம் போனதும் குளிர்தேசத்துக் கம்பளியும் அதில் இருந்தன. அடுத்தவர் உடுத்திக் களைந்ததைத் தொட மீனவப் பெண்கள் மறுத்துவிட்டார்கள். கடல் கொண்டு போனது வீட்டையும் பிள்ளையையுந்தானே, மானத்தையும் அல்லவே! சாலையோரம் மலையாகக் குவிந்த துணியை அள்ளி அப்புறப்படுத்துவதே தனி வேலையாயிற்று. பிறகு படகு வந்தது. ஆளாளுக்குப் படகு கொடுத்ததில், சுனாமிக்கு முன் இருந்ததை விட அதிகப் படகுகள் கரையில் நின்றன. மீனும் கூடவே பெருகும் என்று கொடுத்தவர்கள் நினைத்திருப்பார்கள் போலும். கொடுத்தவர்கள் எல்லோரும் நல்ல மனத்தோடுதான் கொடுத்தார்கள். ஆனால் ஊர் திரும்பிய பிறகு, கொடுத்தது என்ன ஆயிற்று என்று கேட்டு ஒரு கார்டு போட்டவர்கள் எத்தனை பேர்?

கேடே விளைவித்த உதவியும் உண்டு. ஹைத்தி நாட்டில் 2010 ஜனவரி பூகம்பத்துக்குப் பின், அதே வருஷம் அக்டோபரில் காலரா பரவி, சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அந்த நோயைக் கொண்டு வந்தது அமைதி காக்க அனுப்பப்பட்ட ஐ.நா. படையினரின் முகாம் கழிவு என்று ஆராய்ச்சிகள் காட்டின. 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் ஹைத்தி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். கம்போடியாவில் அனாதை இல்லங்களைப் பார்க்க வரும் வெளிநாட்டார் பெருகப் பெருக, அனாதை இல்லங்களும் பெருகின. அங்கே இருக்கும் பிள்ளைகளில் நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பதாக யூனிசெப் கண்டது. பார்க்க வருகிறவர்களுக்காகப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து அனாதையாக்கிய கொடுமை அது. அங்கே போய் ஒரு வாரம் அன்பு காட்டித் திரும்பியவர், விமானத்தில் அழுதுகொண்டேதான் வந்திருப்பார். அந்தக் குழந்தை அப்படி எத்தனை பேரை வழியனுப்பியது என்று அவருக்குத் தெரிந்திராது.

வெளிநாட்டாரைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. 2015 ஏப்ரல் 25இல் நேபாளத்தில் பூகம்பம் வந்தபோது, சில மணி நேரத்துக்குள் இந்திய விமானங்கள் காட்மாண்டுவில் இறங்கின. அவ்வளவு விரைவாக வேறு யாரும் போகவில்லை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் கூடவே போன நம் டெலிவிஷன் நிருபர்கள் இடிபாட்டில் மகனை இழந்த தாயின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டி, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். இந்தியப் பத்திரிகைக்காரர்களே, வீட்டுக்குத் திரும்பிப் போங்கள் என்று நேபாளிகள் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். வெள்ளைக்காரர் காமிராவை நீட்டியபோது நமக்கு எப்படி இருந்ததோ, அப்படியே அவர்களுக்கும் இருந்தது. ஏழையாக இருந்து பார்த்தவனுக்கே இது மறந்துபோகிறது என்றால் என்ன சொல்வது!

கேட்டுக் கொடுத்த உதவிக்கும் நம்மிடம் உதாரணம் உண்டு. 2022இல் இலங்கை பொருளாதாரம் சரிந்து அரிசிக்கும் மருந்துக்கும் திண்டாடியபோது, அங்குள்ள தமிழர்களுக்கு உதவி அனுப்பத் தமிழக அரசு எண்ணியது. எங்களுக்கு மட்டும் என்று அனுப்ப வேண்டாம், எல்லோருக்குமாக அனுப்புங்கள் என்று இலங்கைத் தமிழர் தரப்பிலிருந்தே சொல்லப்பட்டது. அவ்வாறே இலங்கை மக்கள் அனைவருக்குமாக 40,000 டன் அரிசியும், 500 டன் பால் பவுடரும், உயிர் காக்கும் மருந்துகளும் அனுப்ப முடிவாகி, மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. வாங்குகிறவர் வாய் திறந்து சொன்னது, கொடுக்கிறவரின் யோசனையைத் திருத்திற்று. பக்கத்து வீட்டில் வாழ வேண்டியவர்கள் யார் என்பது கொழும்பில் இருப்பவருக்குத்தானே தெரியும்?

பம்பாய்த் தமிழர்கள் விக்ரோலியை அறிவார்கள். அமெரிக்க ஜனாதிபதியாக வந்த ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர், அமைதிப் படை என்ற தொண்டர் அமைப்பில் சேர்ந்து, 68 வயதில், 1966இல் அங்கே வந்து நர்ஸாக வேலை செய்தார். அந்த வயதில் நம் பாட்டிமார்கள் காசிக்குப் போவது வழக்கம். இந்தப் பாட்டியம்மாள் விக்ரோலி ஆலைத் தொழிலாளர் மருந்தகத்துக்கு வந்தார். 1968இல் ஊர் திரும்பி, தாம் கண்டதைப் பல இடங்களில் பேசினார். விக்ரோலியிலிருந்து வீட்டாருக்கு எழுதிய கடிதங்கள் 1977இல் புத்தகமாயின. இரண்டு வருஷம் ஓரிடத்தில் இருந்து, ஒரே மருந்தகத்தில் தினமும் வேலை செய்தவர் பேசுவதற்கும், இரண்டு நாளில் ஒன்பது ஊர் பார்த்தவர் பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

வேனில் போய் வருகிற நம் குமாஸ்தாக்கள் விஷயத்துக்கு வருவோம். ஒரு சனிக்கிழமை, பேனர் கட்டி, பிஸ்கட்டும் நோட்டுப் புத்தகமும் போர்வையும் கொடுத்து, வரிசையாக நிற்க வைத்துப் படம் பிடித்து, பிற்பகல் சாப்பாட்டுக்குத் திரும்புகிறார்கள். திங்கட்கிழமை அந்தப் படம் ஆபீஸ் நோட்டீஸ் போர்டில் தொங்குகிறது. போர்வை வாங்கிய கிழவியின் பெயர் யாருக்கும் தெரியாது. கிழவிக்கும் இவர்கள் எந்தக் கம்பெனி என்று தெரியாது. அடுத்த வருஷம் வேறு குடியிருப்பு, வேறு கிழவி. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, போர்வை நிஜமான போர்வைதான். ஆனால் ஊரை விட்டு ஊர் வந்து பிழைக்கிற தமிழனுக்கு இது போதாது என்று தெரிந்திருக்க வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறபோது அவன் பெட்டியில் துணியும் பலகாரமும் மட்டுமா கொண்டு போகிறான்? தங்கையின் பள்ளிக் கட்டணம், அப்பாவின் பென்ஷன் பேப்பர், தம்பிக்கு வேலை சிபாரிசு, பட்டா மாற்றத்துக்கு எழுதிய மனு, எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போகிறான். போன தடவை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்கிறான். சொந்தக்காரனுக்கும் விருந்தாளிக்கும் உள்ள வேற்றுமை அதுதான்.

யானாதிக் குடியிருப்புகளில் போர்வையை விடப் பெரிய குறை காகிதக் குறை. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் ஆதார் கிடைப்பதில்லை. ஆதார் இல்லாததால் ரேஷன் கார்டு இல்லை. சாதிச் சான்றிதழ் இல்லாததால் பழங்குடியினருக்கு உரிய பள்ளி உதவியும் விடுதி இடமும் பிள்ளைக்கு வருவதில்லை. எங்கே பிறந்தோம் என்று கேட்டால், ஏரிக்கரையில் என்று சொல்கிறவர்கள் அவர்கள். மண்டல ரெவின்யூ ஆபீசில் எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், எந்தப் பாரத்தில் எதை எழுத வேண்டும், ரசீதை எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. குமாஸ்தாவுக்குத் தெரிந்ததே அதுதான்! பாரம் நிரப்புவதும், நகல் எடுப்பதும், தேதி போடுவதும், மேலதிகாரிக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதுவதும் அவருடைய அன்றாடத் தொழில். ஐடா ஸ்கடர் நாலு வருஷம் படித்துவிட்டு வர வேண்டியிருந்தது. வரதய்யபாளையத்துத் தமிழ்க் குமாஸ்தாவுக்கு அந்தப் படிப்பு ஏற்கனவே இருக்கிறது. தெலுங்கு எழுதத் தெரியாதே என்றால், பக்கத்து மேஜைத் தெலுங்கு நண்பரைக் கூட்டிக்கொண்டு போனால் ஆயிற்று. எல்லை எந்தப் பக்கம் விழுந்தாலும் இந்த வட்டாரத்தில் இரண்டு பாஷையும் ஒரே தெருவில் குடியிருந்து பழகியவைதாம். 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழகத்துக்கும் சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திரத்துக்கும் மாறியபோது, ஜனங்கள் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு சங்கடம் உண்டு. மனுக் கொடுத்த அன்றே சான்றிதழ் கிடைக்காது. இரண்டாம் முறை போக வேண்டும், மூன்றாம் முறையும் போக வேண்டும். அங்கே பேனர் கட்ட முடியாது. ரெவின்யூ ஆபீஸ் வராந்தாவில் ஒரு கிழவியோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிற படத்தை எந்த நோட்டீஸ் போர்டிலும் மாட்ட மாட்டார்கள். ஒரு குடியிருப்பில் பத்துக் குடும்பத்துக்கு ஆதாரும் சாதிச் சான்றிதழும் வாங்கி முடிக்க ஒரு வருஷம் ஆகலாம். புகைப்படத்துக்கு வந்தவர்கள் இரண்டாம் மாதமே கழன்றுகொள்வார்கள். மீதி இருக்கிற இரண்டு பேர் போதும்.

கலெக்டர் ஆபீசில் ஜனங்களின் குறை கேட்கும் நாள் திங்கட்கிழமை. குமாஸ்தாவுக்கோ அன்று வேலை நாள். சனிக்கிழமை வேனுக்குச் சம்பளத்தோடு நாள் ஒதுக்குகிற கம்பெனி, மனுவோடு போகிற இரண்டு பேருக்கு அந்தத் திங்கட்கிழமை அரை நாள் ஒதுக்குமா என்று யூனியன்காரர்களும் நலச் சங்கத்தாரும் மானேஜரைக் கேட்டுப் பார்க்கலாம். சட்டம் சொல்கிற அந்த 2 பங்குக் கணக்கில் அரை நாள் சம்பளம் ஒரு பெரிய தொகை அல்ல.